ஜெர்மன்காரர்கள் ஏன் சிரிப்பதில்லை? (ஸ்டுட்கார்ட், மிச்சிகன் அனுபவம்)

2 மார்ச் 2024, ஒரு வாசகரின் கேள்வி

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் பக்கத்தில் 4 வருஷமாக வேலை பார்க்கிறேன். ஏப்ரல் மாதம் கம்பெனி என்னை ஜெர்மனியில் உள்ள ஸ்டுட்கார்ட்டுக்கு மாற்றுகிறது. போன மாதம் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். லிஃப்டில் யாரும் பேசவில்லை, கடையில் மீதிச் சில்லறையைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார்கள், தெருவில் சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பதில்லை. அமெரிக்கர்கள் அன்பானவர்கள், ஜெர்மன்காரர்கள் மனிதர்களோடு ஒட்டாதவர்கள் என்பது என் முடிவு. இரண்டு ஊரிலும் இருந்தவர்கள் யாராவது இதை மறுக்க முடியுமா?

3 மார்ச் 2024

மறுக்கிறேன். 2009 முதல் 2015 வரை ஸ்டுட்கார்ட்டில், பாட் கான்ஷ்டாட் பகுதியில் குடியிருந்தோம். அப்புறம் இன்றுவரை மிச்சிகன். ஒரு வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் என் முதல் மாதத்தில் நானும் இதையேதான் அம்மாவுக்கு போனில் சொல்லி அழுதேன்.

குடிபோன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அது. காலி ஜாம் பாட்டில்களையும் எண்ணெய் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குப் போனேன். வெள்ளை, பச்சை, பழுப்பு என்று தனித்தனி வாய் இருக்கும், சரியாகப் பிரித்துத்தான் போட்டேன். திரும்பி வருவதற்குள் கீழ்வீட்டு அம்மா வாசலில் நிற்கிறார். எழுபது வயது இருக்கும். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இன்று ஞாயிறு. கண்ணாடி போடக் கூடாது. சத்தம்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே அம்மா புதன்கிழமை மாலை எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு தாள். எந்தக் குப்பை எந்தத் தொட்டியில், வண்டி என்றைக்கு வரும், இரவு பத்து மணிக்கு மேல் என்னென்ன செய்யக் கூடாது, அருகில் நல்ல குழந்தை டாக்டர் யார், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் மருந்துக்கடையை எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாவற்றையும் கோடு போட்டுக் கையால் எழுதியிருந்தார். எனக்கு ஜெர்மன் சரியாக வராது என்று தெரிந்து ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மிச்சிகனில் நேர் எதிர். சாமான் இறக்கும் லாரி போவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் மனைவியோடு வந்துவிட்டார். தட்டில் பிரவுனி, முகம் நிறையச் சிரிப்பு, பிள்ளையின் பெயரை இரண்டு தடவை கேட்டுச் சரியாகச் சொல்லிப் பார்த்தார், "சீக்கிரம் ஒருநாள் பார்பிக்யூவுக்கு வாருங்கள்" என்றார். நான் அந்தச் சனிக்கிழமையே எதிர்பார்த்தேன். அந்தக் கோடை முழுக்க எதிர்பார்த்தேன். அந்த அழைப்பு வரவே இல்லை. அமெரிக்க அன்பு தோலளவுதான் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

3 மார்ச் 2024, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: கடைக்காரப் பெண் "ஹவ் ஆர் யூ" என்று கேட்பது பொய்தானே?

பொய் இல்லை. நம் ஊரில் தெருவில் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா" என்கிறோம், இல்லை என்று சொன்னால் அங்கேயே இலை போட்டுச் சோறு வைக்கப் போகிறோமா? உன்னைப் பார்த்துவிட்டேன், நீ எனக்கு அந்நியம் இல்லை என்பதுதான் அதன் பொருள். அமெரிக்காவில் "ஹவ் ஆர் யூ" அந்த வேலையைத்தான் செய்கிறது. "குட், யூ?" என்றால் கணக்கு முடிந்தது.

ஸ்டுட்கார்ட்டில் அதே கேள்வியை ஒரு சக ஊழியரிடம் காபி இயந்திரத்தின் முன்னால் கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சிறுநீரகக் கல், ஸ்கேன், டாக்டர் சொன்ன இரண்டு வழிகள், மனைவியின் கவலை என்று பத்து நிமிடம் பேசினார். நான் கேட்டேன், அதனால் சொன்னார். கேட்க நேரமில்லையென்றால் "மோர்கன்" (காலை வணக்கம்) என்று ஒரு சொல் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

5 மார்ச் 2024

சிரிப்பு பற்றி ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது, இதைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. வால்மார்ட் 1997 கடைசியில் ஜெர்மனிக்குள் நுழைந்தது. வாசலில் நின்று வரவேற்க ஆள், கல்லாவில் சிரிப்பு, வாங்கிய சாமானைப் பையில் போட்டுத்தர ஊழியர் என்று அமெரிக்காவில் செய்ததையே அங்கேயும் செய்தது. வாடிக்கையாளர்கள் சங்கடப்பட்டார்கள். முன்பின் தெரியாத ஆள் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், என் சாமானை அவர் ஏன் தொடுகிறார் என்ற சங்கடம். ஊழியர்களுக்கான நடத்தை விதியில், யார் யாரோடு காதல் உறவு வைக்கலாம் என்பதிலும் தலையிட்டிருந்தார்கள், அந்தப் பகுதி செல்லாது என்று 2005ல் டுசல்டார்ஃப் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. 2006ல் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள். சிரிப்பு மட்டும் காரணம் இல்லை. ஜெர்மனியின் மலிவு விலைக் கடைகளான ஆல்டி, லிடல் போட்ட விலைக்குக் கீழே யாரும் போக முடியவில்லை, அதுதான் முதல் காரணம். ஆனால் கான்ஷ்டாட்டில் இந்தக் கதையைச் சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஆல்டி 1976 முதல் அமெரிக்காவில் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள், டிராலி எடுக்க 25 சென்ட் காசு போட வேண்டும், பையில் நாமேதான் அடுக்க வேண்டும். மிச்சிகனில் என் அக்கம்பக்கத்தார் அதைச் சந்தோஷமாகச் செய்கிறார்கள். அதுமட்டுமில்லை, டிராலியைத் திருப்பிவிட்டுக் காசை எடுத்துக்கொள்வதற்குப் பதிலாக, அதை எடுக்க வருகிறவரிடம் "காசு வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று 25 சென்டோடு தள்ளிக்கொடுக்கும் பழக்கத்தை அங்கேதான் பார்த்தேன். ஜெர்மனியில் இருந்த ஆறு வருஷத்தில் ஒருவர்கூட அப்படித் தந்ததில்லை.

6 மார்ச் 2024

மூன்றாம் தேதி எழுதியதில் "தோலளவு" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். என் கணவர் இதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல், "2019 ஜனவரி" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஜனவரி கடைசியில் மிச்சிகனில் வந்த குளிர் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும், வெளியே முகத்தைக் காட்ட முடியாது. மாமனார் இறந்துபோய் கணவர் திருச்சிக்குப் போயிருந்தார். நானும் பதினோரு வயதுப் பையனும் மட்டும். முதல் நாள் காலை நான் மண்வெட்டியோடு கதவைத் திறந்தால் வாசல் பாதையில் பனியே இல்லை. பிரவுனி கொண்டுவந்தாரே, அவர் விடியற்காலை ஐந்தரைக்குத் தன் பனித்தள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு வாரம், பனி பெய்த ஒவ்வொரு காலையும். நான் நன்றி சொன்னபோது, "எப்படியும் இயந்திரத்தை வெளியே எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினார். இதை எப்படி மறந்து அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. நான் இத்தனை வருஷமாக அந்த ஒரு பார்பிக்யூவையே கணக்கில் வைத்திருந்தேன்.

ஆக, "வாருங்கள் ஒருநாள்" என்பது இங்கே நாள் குறித்த அழைப்பு இல்லை, ஆனால் அதன் பின்னால் ஒன்றுமே இல்லை என்பதும் தப்பு. ஜெர்மனியில் "வாருங்கள்" என்றால் அடுத்த சொல் தேதி, அதற்கடுத்து மணி. 15:30 என்றால் 15:30. இரண்டு மூன்று நிமிடம் முன்னால் போய்விட்டால் கீழே நின்று காத்திருந்துவிட்டு மணி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9 மார்ச் 2024

பாட்டில் டெபாசிட் (வாங்கும்போது கட்டி, காலி பாட்டிலைத் தந்ததும் திரும்பக் கிடைக்கும் காசு) பற்றிக் கேட்டவருக்கு. ஜெர்மனியில் 2003 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் டப்பாக்களுக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் டெபாசிட் உண்டு, இப்போது 25 சென்ட். திரும்பக் கழுவி நிரப்பும் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். இதற்கு ஃபான்ட் என்று பெயர். கடையிலேயே இயந்திரம் இருக்கும், பாட்டிலைப் போட்டால் ரசீது வரும், கல்லாவில் கழித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் இந்த ஒழுங்கு கிடையாது, எல்லாம் குப்பைத் தொட்டிக்குத்தான்.

9 மார்ச் 2024, அரை மணி கழித்து

கடைசி வரி தவறு, அதுவும் நான் இருக்கும் மாநிலத்தைப் பற்றியே தவறாக எழுதியிருக்கிறேன். மிச்சிகனில் 10 சென்ட் டெபாசிட் உண்டு, 1976ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தது, ஒரேகனில் 1971லேயே வந்துவிட்டது. இப்படி மொத்தம் பத்து மாநிலங்கள். டெக்சாஸிலிருந்து ஒருவர் "எங்களுக்கு எதுவுமே இல்லையே" என்கிறார், ஆமாம், அங்கே இல்லை. மிச்சிகனில் நானே மாதம் ஒருமுறை பையில் அள்ளிக்கொண்டு போகிறேன், ஆனால் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே டெபாசிட் இல்லாததால் அது என் மனதில் பதியவில்லை போலும்.

இங்கே ஒரு விஷயம் மட்டும் சேர்க்க வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போட மாட்டார்கள், தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள். பாட்டில் பொறுக்கி வாழும் முதியவர்கள் குப்பைக்குள் கைவிட வேண்டாம் என்பதற்காக. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, பேசவில்லை, அந்த முதியவர் யாரென்றே தெரியாது. கேள்வி கேட்ட தம்பி, "மனிதர்களோடு ஒட்டாதவர்கள்" என்று எழுதினீர்களே, அங்கே போனதும் ரயில் நிலையத்தில் தொட்டிகளின் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

10 மார்ச் 2024, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஞாயிற்றுக்கிழமை பற்றி.

ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு என்பது பழக்கம் மட்டும் இல்லை, அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919ன் வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த 139ஆம் பிரிவை இன்றைய சட்டத்தின் 140ஆம் பிரிவு அப்படியே எடுத்துக்கொண்டது. ஞாயிறும் விடுமுறை நாள்களும் வேலையிலிருந்து ஓய்வுக்கும் மன உயர்வுக்குமான நாள்கள் என்று அது சொல்கிறது. மற்ற நாள்களில் கடை நேரத்தை 1956ல் ஒரு சட்டம் கட்டுப்படுத்தியது. கீழ்வீட்டு அம்மா சொல்வார், மாலை ஆறரைக்கு எல்லாம் மூடிவிடும், சனிக்கிழமை இரண்டு மணிக்கே மூடிவிடும், வேலைக்குப் போகிற பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் போய் வாங்குவார்கள் என்று. 1989ல் வியாழக்கிழமை மட்டும் இரவு எட்டரை வரை திறக்க அனுமதித்தார்கள், 1996ல் வாரநாள்களில் எட்டு மணி. 2006க்குப் பிறகு மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று ஆனதால் ஸ்டுட்கார்ட்டில் இரவு பத்து, நடுராத்திரி வரைகூடத் திறக்கும் கடைகள் உண்டு. பவேரியாவில் எட்டு மணிதான். ஆனால் ஞாயிறு எங்கேயும் பெரும்பாலும் மூடல். ரொட்டிக்கடை சில மணி நேரம், ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், அவ்வளவே.

முதல் சில மாதம் இது எனக்குத் தண்டனையாக இருந்தது. சனிக்கிழமை பால் வாங்க மறந்தால் பிள்ளைக்குப் பால் இல்லை. அப்புறம் எப்போது மாறியது என்று சொல்ல முடியவில்லை. ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்தால் மாதா கோவில் மணி மட்டும் கேட்கும். புல்வெட்டும் இயந்திரம் இல்லை, துளை போடும் சத்தம் இல்லை. மதியம் ரோட்டன்பெர்க் திராட்சைத் தோட்டங்கள் வழியாக நடப்போம், ஊரே நடக்கும், பாட்டிகள் கைத்தடியோடு, குழந்தைகள் சின்ன சைக்கிளில். நாலு மணிக்குக் காபியும் கேக்கும். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் ஒருவரோடு ஒருவர் இருப்பதைத் தவிர வழியில்லை.

மிச்சிகனில் வந்த புதிதில் ஞாயிறு கடைக்குப் போவதில்லை என்று வீட்டில் முடிவெடுத்தோம். மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. சட்டமும் ஊரும் சேர்ந்து தாங்கிப் பிடித்த ஒன்றை ஒரு குடும்பம் தனியாகத் தூக்க முடியவில்லை, பையனின் சாக்கர் பயிற்சியே ஞாயிறு காலையில்தான் வைக்கிறார்கள். இதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். இப்போது இதை எழுதும்போது வெளியே மூன்று வீடு தள்ளி யாரோ இலை ஊதும் இயந்திரம் ஓட்டுகிறார்.

13 மார்ச் 2024

டிப்ஸ், விலை இரண்டையும் சுருக்கமாக. ஜெர்மனியில் அட்டையில் போட்ட விலைதான் கொடுக்கும் விலை, வரி அதற்குள்ளேயே. மிச்சிகனில் பல சாமான்களுக்குக் கல்லாவில் 6 சதவீத வரி சேரும். ஜெர்மனியில் ஹோட்டல் பில் 27.40 என்றால் 30 என்று சொல்லி நீட்டுவார்கள், மேசையில் வைத்துவிட்டுப் போவது வழக்கமில்லை. இங்கே 18, 20 சதவீதம் தராவிட்டால் அது அந்தப் பெண்ணின் கூலியில் கைவைப்பது, ஏனென்றால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டாட்சிச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர், 1991லிருந்து அதே தொகை. பணியாளரின் சிரிப்பைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

16 மார்ச் 2024

வேலையிடம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன், இரண்டு பக்கமும்.

நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன், அறிக்கை எழுதுவது என் வேலை. ஸ்டுட்கார்ட்டில் என் முதல் அறிக்கையைப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த அறையில் ஒருவர் விரித்து, "இது தவறு. பக்கம் 4, அட்டவணை. ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்றார். எனக்குக் காது சுட்டது. கூட்டம் முடிந்ததும் அதே ஆள் "சாப்பிடப் போகலாமா" என்று வந்து நிற்கிறார், அவர் மனதில் ஒன்றுமே இல்லை. அட்டவணையைச் சொன்னார், என்னைச் சொல்லவில்லை. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஸ்வேபியப் பகுதியில் ஒரு பழமொழி உண்டு, திட்டாமல் விட்டாலே போதுமான பாராட்டு என்று. ஆறு வருஷத்தில் என் மேலாளர் "பொருத்தமாக இருக்கிறது" என்று மூன்று தடவை சொன்னார், மூன்றும் எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது.

இங்கே வந்து முதல் அறிக்கைக்கு "அற்புதமான வேலை! மிகவும் சுவாரசியமான அணுகுமுறை. ஒரு சின்ன யோசனை, நேரம் இருந்தால் மூன்றாவது பகுதியை மட்டும் மறுபடி பாருங்கள்" என்று பதில் வந்தது. நேரம் இருந்தால் என்றதால் பார்க்கவில்லை. அந்தச் "சின்ன யோசனை"தான் முழுச் செய்தி, மூன்றாவது பகுதியைத் திருப்பி எழுது என்று அர்த்தம். இரண்டு வாரம் வேலை தள்ளிப்போனது. ஜெர்மனியில் முதல் வரியைப் படித்தால் போதும், இங்கே "ஆனால்" வரும்வரை காத்திருக்க வேண்டும்.

குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1933ல் பெர்லினை விட்டு அமெரிக்காவுக்கு வந்தவர், 1936ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கரின் வெளி அடுக்குகள் எளிதில் திறக்கும், உள்ளே ஒரு சிறு பகுதி மட்டும் மூடியிருக்கும், ஜெர்மானியருக்கு வெளியிலேயே ஒரு தடித்த சுவர், அதைத் தாண்டிவிட்டால் வெகுதூரம் உள்ளே போகலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். இதையே பின்னால் வந்தவர்கள் அமெரிக்கர் பீச் பழம், ஜெர்மானியர் தேங்காய் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த உவமை முழுக்கச் சரியாகப் படவில்லை. பனி தள்ளியவர் எந்த அடுக்கையும் திறக்கவில்லை, தன்னைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை, ஆனாலும் வந்தார். கீழ்வீட்டு அம்மாவும் அப்படியே.

17 மார்ச் 2024

நேற்று எழுத விட்டது: நீங்கள், நீ. ஜெர்மனில் "ஸீ", "டூ". தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியம். நமக்கு வயதும் உறவும் தானாகவே தீர்மானித்துவிடும். அங்கே பெரியவர் முறையாக முன்வந்து "இனி டூ என்றே பேசலாம்" என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அதிலிருந்து திரும்ப முடியாது. மிச்சிகனில் முதல் நாளே துணைத்தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள், எனக்கு நாக்கு வர ஒரு மாதம் ஆனது.

கீழ்வீட்டு அம்மா ஆறு வருஷமும் என்னைக் குடும்பப் பெயரால்தான் அழைத்தார், "ஸீ"தான். என் பையனை அவர் வளர்த்தார் என்றே சொல்லலாம், அப்போதும் "ஸீ"தான். 2015ல் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை மேலே வந்தார். முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். உள்ளூர் ட்ரோலிங்கர் ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். தன் முதல் பெயரைச் சொல்லி, "இனி டூ" என்றார். ஆறு வருஷத்தில் அவர் முதல் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. அரை மணி நேரம்தான் அந்தச் சொல்லால் பேச முடிந்தது. இப்போது வருஷா வருஷம் டிசம்பர் அட்டை வருகிறது, அதில் "டூ" என்று எழுதியிருப்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.

21 மார்ச் 2024

"ஜெர்மனியை ரொம்பப் புகழ்கிறீர்கள், பிறகு ஏன் கிளம்பினீர்கள்?" என்று ஒருவர். நியாயமான கேள்வி.

ஆறு வருஷம் இருந்த பிறகும் அங்கே என்னிடம் கேட்ட கேள்வி: "எப்போது உங்கள் நாட்டுக்குத் திரும்பப் போகிறீர்கள்?" கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. ஒரு அரசு அலுவலகத்தில் விசா நீட்டிக்கப் போனபோது ஒரு தாள் குறைந்ததற்காக எதிரே இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கோப்பை மூடினார். முறைமேல் நம்பிக்கை வைத்த இடத்தில் முறை நமக்கு எதிராக நின்றால் பேசிப்பார்க்க ஆளே இல்லை. மிச்சிகனில் இந்த ஒன்பது வருஷத்தில் யாரும் எப்போது போவீர்கள் என்று கேட்டதில்லை. கவுண்டரில் இருந்த பெண், "பார்க்கலாம், என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறேன், டியர்" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்க் கேட்டுவந்த நாளும் உண்டு. அந்த "டியர்" எனக்கு அன்றைக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே சிரிப்பைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் பிள்ளை விஷயத்தில் மனம் அங்கேதான் இருக்கிறது. ஆறு வயதில் என் மகன் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு தானே பள்ளிக்கு நடந்துபோனான், காரில் கொண்டுவிடாதீர்கள் என்று பள்ளியே எழுதிக் கேட்டது. வழியில் சிவப்பு விளக்கில் யாராவது பெரியவர் குறுக்கே கடந்தால் மற்றவர்கள் "பிள்ளைகள் பார்க்கிறார்கள்!" என்று அதட்டுவார்கள். அபராதம் 5 யூரோதான், அந்த அதட்டல்தான் பெரிது. மிச்சிகனில் நடைபாதையே பாதியில் நின்றுவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளை தனியாக நடந்தால் கார் நிறுத்தி "உன் அம்மா எங்கே" என்று கேட்பார்கள், அக்கறையாகத்தான் கேட்பார்கள். மகனுக்கு இப்போது 16. இங்கே கார் ஓட்டுகிறான், பீர் வாங்க 21 ஆக வேண்டும். அங்கே இருந்திருந்தால் பீர் குடித்திருக்கலாம், தனியாகக் கார் ஓட்ட 18 ஆக வேண்டும். எதை முதலில் நம்பிக் கொடுப்பது என்பதில் இரண்டு ஊரும் இவ்வளவு எதிரெதிராக இருக்கின்றன.

24 மார்ச் 2024

தம்பி தனியாகக் கேட்ட நடைமுறைச் சந்தேகங்களுக்கு, நினைவுக்கு வருகிற வரிசையில்.

வாடகை வீட்டில் சமையலறை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல வீடுகளில் சிங்க், அடுப்பு எதுவும் இருக்காது, கூரையில் விளக்குக்கான கம்பி மட்டும் தொங்கும். மூன்று அறை என்றால் கூடமும் சேர்த்து மூன்று. முதல் மாடி என்றால் நம் ஊர் முதல் மாடி, அமெரிக்காவின் இரண்டாவது. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் பெயர் ஒட்டுங்கள், அங்கே கதவு எண் கிடையாது, பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். நாங்கள் ஒட்டாததால் வங்கி அட்டை இரண்டு தடவை திரும்பிப் போய்விட்டது. குளிர்காலத்திலும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட வேண்டும், ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், விடாவிட்டால் சுவரில் பூஞ்சை வரும். முட்டை கழுவாமல் வரும், அதனால் கடையில் ஃபிரிட்ஜுக்கு வெளியேதான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

பிறந்தநாளுக்கு ஆபீஸில் கேக் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தான். நம் பள்ளியில் பிறந்தநாள் பிள்ளை சாக்லேட் கொடுக்குமே, அப்படி. மற்றவர் பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்னால் வாழ்த்துச் சொல்லாதீர்கள், அது துரதிர்ஷ்டம் என்று நிஜமாகவே முகம் மாறும்.

விடுமுறையை முழுக்க எடுங்கள். வாரம் ஐந்து நாள் வேலைக்கு 20 நாள் விடுப்பு சட்டப்படி உரிமை, பல கம்பெனிகளில் 30. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் ஒரு நாள்கூடத் தருவதில்லை, அதனால் நமக்கு விடுப்பு கேட்கும்போதே குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது. அதை விமானம் ஏறுவதற்கு முன்னால் இங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம் கேர்வோஹெ. ஸ்டுட்கார்ட் பக்கம் இது பெரிய விஷயம். கட்டடத்தில் வாரம் ஒரு வீட்டுக்கு முறை வரும், அந்த வீட்டார் படிக்கட்டையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை வந்தால் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். முதல் முறையை மட்டும் தவறவிடாதீர்கள். நான் வேலையிலிருந்து லேட்டாக வந்து ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் படிக்கட்டைத் துடைத்தேன், அன்றிலிருந்துதான் கட்டடத்தில் எல்லோரும் எனக்கு முதலில் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

12 மே 2024

தம்பி எழுதியிருக்கிறார். போய்ச் சேர்ந்துவிட்டார், ஸ்டுட்கார்ட்டின் ஃபோயர்பாக் பகுதியில் வீடு. சமையலறை இல்லை. போன ஞாயிறு சுவரில் ஆணி அடித்தாராம், பத்து நிமிடத்தில் எதிர்வீட்டுக்காரர் வந்து கடிகாரத்தைக் காட்டிவிட்டு ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாராம். "நீங்கள் சொன்ன தாள் எனக்கு வரவே இல்லை அக்கா" என்கிறார்.

எல்லோருக்கும் தாள் வரும் என்று நான் சொல்லக் கூடாது, அது உண்மைதான். ஆனால் ஒரு வாரம்தான் ஆகிறது. திங்கள் முதல் வெள்ளிக்குள், மாலை ஆறு மணிவாக்கில், நீங்களே போய் மணி அடியுங்கள். குடும்பப் பெயரைச் சொல்லுங்கள், புதிதாக வந்திருக்கிறேன், ஞாயிறு சத்தம் பற்றி எனக்குத் தெரியவில்லை, எப்போது ஆணி அடிக்கலாம் என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரிந்த கேள்வியாக இருக்கட்டும். உள்ளே கூப்பிடாவிட்டால் வருந்தாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

20 மே 2024

சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அடிக்கலாம் என்றாராம். துளை போடும் இயந்திரமும் அவரே கொண்டுவந்தாராம், சுவர் கான்கிரீட், ஆணி நிற்காது என்று.